பன்றியைச் சுடும் இடத்தில் உங்கள் காது

காட்டுப்பன்றி விவகாரத்தில் நாம் இதுவரை கேட்டதெல்லாம் மூன்று கேள்விகள்தான். சுடலாமா, கூடாதா? யார் சுடுவது? அழிந்த பயிருக்கு யார் பணம் தருவது? மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும் நிலக்கடலை முற்றும் பருவத்திலும் தோட்டத்தில் கட்டிலைப் போட்டு விடிய விடியக் காவல் கிடக்கும் உங்களுக்கு இவை மூன்றும் பெரிய கேள்விகள்தான். ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. துப்பாக்கி வெடிக்கும்போது அதன் அருகில் நிற்கும் மனிதரின் காது என்ன ஆகிறது?

நிலவரத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழகத்தில் 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டுமே; விவசாயி அல்ல. இதில் குழப்பம் வேண்டாம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் கதை வேறு. அங்கே 2022 மே மாதத்திலேயே உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக ஆக்கி, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அரசு கொடுத்துவிட்டது. விஷம் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, மின்சாரம் பாய்ச்சக் கூடாது, சுட்ட பன்றியை முறைப்படி புதைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. பாலக்காடு, இடுக்கி பக்கத்துத் தமிழ் விவசாயிகள் பலருக்கு இந்த ஏற்பாடு பழகிப்போன ஒன்று. ஊராட்சியிலிருந்து தகவல் போனதும் இரவில் டார்ச், நாய், இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஆட்கள் வருகிறார்கள்.

தூரம், உரிமம், பிணம் புதைப்பது எல்லாம் இந்த ஏற்பாடுகளில் பேசப்பட்டுவிட்டன. சுடுபவரின் காதும், அவருக்கு வழிகாட்டிக் கூடவே நடக்கும் நிலத்துக்காரரின் காதும் பொதுப் பேச்சில் வரவே இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்காவது இரைச்சல் அளவுக்குச் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. வயலில் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

ஒரு வெடி என்ன செய்யும்?

இரைச்சலை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாள்தோறும் 8 மணி நேரம் வேலை செய்வதுதான் மேல் எல்லை என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். துப்பாக்கி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. 12 போர் துப்பாக்கியோ 315 ரைபிளோ வெடிக்கும் கணத்தில் சுடுபவரின் காதருகே 150 முதல் 170 டெசிபல் வரை போகும். உச்சம் 140-ஐத் தாண்டினால் ஒரே ஒரு வெடிகூட நிலையான சேதத்தை ஏற்படுத்தலாம். 140-க்கும் 160-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். காற்றழுத்தத்தில் அது பத்து மடங்கு.

உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்வது அவைதான். ஒருமுறை அழிந்தால் அவை திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் பகுதி. அதனால்தான் இந்த நட்டம் பல வருடம் வெளியே தெரிவதில்லை. வண்டிச் சத்தம் கேட்கும், மாடு கத்துவது கேட்கும். ஆனால் பேரக்குழந்தை பேசுவது புரியாது. சில்வண்டு இந்த வருடம் கத்தவே இல்லையே என்று தோன்றும். ‘சத்தம் கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் தெரியல’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கூடவே காதுக்குள் ஓயாத இரைச்சலும் சிலருக்கு வந்து தங்கிவிடும்.

இன்னொரு அடையாளம் உண்டு. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் முதலில் மந்தமாகும். தலையைச் சாய்த்துக் குறிபார்க்கும்போது இடது காது குழல் முனைப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் வருடக்கணக்காகச் சுடும் யாராவது போனை எப்போதும் வலது காதிலேயே வைத்துப் பேசினால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சுடுபவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து கூடுதல். வெடிச்சத்தம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவுவதில்லை. குழல் முனைக்கு முன்பக்கம் அதிகம், பக்கவாட்டில் அதற்கடுத்து, பின்பக்கம் குறைவு. ‘அதோ அங்க நிக்குது’ என்று கைகாட்டிக்கொண்டு சுடுபவரின் தோளுக்கு அரை அடி முன்னால் நிற்பவர் சுடுபவரைவிட அதிகமாக வாங்குகிறார். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 160 என்றால் எட்டு மீட்டரில் 142. ஆகவே காசு செலவில்லாத முதல் பாதுகாப்பு, சுடுபவருக்கு நேர் பின்னால் குறைந்தது 25 அடி தள்ளி நிற்பதுதான். தகரக் கூரைக்குக் கீழிருந்தும் ஜீப்புக்குள்ளிருந்தும் சுட்டால் சத்தம் எதிரொலித்து இன்னும் மோசமாகும்.

மாட்டாமல் இருப்பதற்கு ஒரு நியாயம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டாம் என்ற ஊரில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. இலக்கு வைத்துச் சுட்டுப் பழகுபவர்களில் 38 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் ஒருமுறைகூடக் காதுப் பாதுகாப்பு அணியவில்லை. வேட்டைக்காரர்களில் இது 95 சதவீதம். வேட்டையில் கழித்த ஒவ்வொரு 5 வருடத்துக்கும் கீச்சொலிக் கேள்வி மந்தமாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியதாகவும் அந்த ஆய்வு சொன்னது.

இந்த 95 சதவீதத்தை அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழகும் இடத்தில் சுடுபவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. வேட்டையில் காதுதான் பாதி வேலை செய்கிறது. கரும்புச் சோகைக்குள் பன்றி நகரும் சரசரப்பு, நாய் எந்தப் பக்கம் குரைக்கிறது என்பது, எதிர்வரப்பில் இன்னொருவர் நிற்கிறாரா என்பது எல்லாம் காதில்தான் விழ வேண்டும். கடைசியில் சொன்னது உயிர்ப் பிரச்சினை. இருட்டில் ஆள் இருப்பது தெரியாமல் சுட்டுவிட்ட செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். காதை இறுக அடைத்துக்கொண்டு இரவில் துப்பாக்கியோடு நடப்பது ஒரு ஆபத்தைத் தவிர்க்க இன்னொன்றை வாங்குவது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எலெக்ட்ரானிக் இயர் பிளக் வந்தது. காதுத் துளைக்குள் செருகும் அடைப்பானின் வெளிமுகத்தில் ஒரு சின்ன மைக், உள்ளே ஒரு சிப், காதுப் பக்கம் ஒரு குட்டி ஸ்பீக்கர். மெல்லிய சத்தத்தை மைக் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். சத்தம் சுமார் 85 டெசிபலைத் தொடும்போது பெரிதாக்குவதை நிறுத்தி அமுக்கிவிடும். பேச்சும் சரசரப்பும் கேட்கும்; வெடி அமுங்கிக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெடியிலிருந்து காதைக் காப்பது இதிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. காதுத் துளையை அடைத்திருக்கும் அந்த ரப்பரோ நுரையோதான் காக்கிறது. சிப் செய்வதெல்லாம், அடைத்த காதுக்கு வெளிச்சத்தத்தை அளவோடு உள்ளே விடுவது. பேட்டரி தீர்ந்தாலும் அடைப்பு அடைப்புதான். அடைப்பு சரியாக உட்காரவில்லை என்றால், முப்பதாயிரம் ரூபாய்க் கருவியும் காது வழியே வெடியை உள்ளே விடும். ‘இத்தனை மில்லி விநாடியில் வேலை செய்யும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

அடைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க ராணுவ வீரர்கள் வருடக்கணக்கில் அணிந்த இருமுனைக் காதடைப்பான் ஒன்றின் தண்டு நீளம் போதவில்லை, காதில் போட்டபின் போட்டவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது என்று லட்சக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். அதை விற்ற 3எம் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அது பேட்டரியே இல்லாத சாதாரண அடைப்பான். நீளத்தில் ஏற்பட்ட சின்னக் குறை என்பதுதான் புகாரே.

எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியில் என்.ஆர்.ஆர். என்றோ எஸ்.என்.ஆர். என்றோ ஒரு எண் போட்டிருக்கும். முதலாவது அமெரிக்க முறை, இரண்டாவது ஐரோப்பிய முறை. எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதன் ஆய்வுக்கூட அளவு அது. இந்த எண்ணே இல்லாத பொருள் காதுப் பாதுகாப்புக் கருவி அல்ல. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். எண் இருந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். நியோஷ் சொல்லும் கழிவு இது: உருட்டிப் போடும் நுரை அடைப்பானுக்குப் பெட்டி எண்ணில் பாதியைக் கழிக்க வேண்டும், மற்ற வகை அடைப்பான்களுக்கு 70 சதவீதத்தைக் கழிக்க வேண்டும், தலைமேல் மாட்டும் காதுமூடிக்குக் கால் பங்கைக் கழித்தால் போதும். 30 என்று போட்ட நுரை அடைப்பான் வயல்வெளியில் 15 என்றே கணக்கு. 160-ல் 15 போனால் 145. ஒன்றிரண்டு வெடிக்கு மேல் சுட வேண்டிய இடத்தில் இது போதாது என்பது புரியும்.

அதனால் எலெக்ட்ரானிக் பிளக் வாங்குபவர்கள், பெட்டியோடு எத்தனை அளவில் முனைகள் தருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒருவரின் இரண்டு காதுகூட ஒரே அளவில் இருப்பதில்லை. சிலிகான் முனை, நுரை முனை இரண்டும் இருந்தால் நல்லது. சத்தத்தைத் தடுப்பதில் பெரும்பாலும் நுரை முனைதான் கெட்டி; அழுக்கானால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்று முனை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் ஆறு மாதத்தில் கருவி வீண்.

அடுத்து, கருவியின் சொந்த இரைச்சல். மலிவான பிளக்கைக் காதில் போட்டு ஆன் செய்தால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். கடையில் அது தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்தில் அந்த உஸ் சத்தம் பன்றியின் சரசரப்பையே மறைத்துவிடும். அமைதியான அறையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மேற்கே கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் மின்விசிறிக்கு முன்னால் நின்றும் ஒருமுறை பாருங்கள். மைக்கில் காற்று மோதி வரும் இரைச்சலைத் தாங்க முடியாமலே பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

சத்தம் மிகும்போது கருவி என்ன செய்கிறது என்பதும் முக்கியம். சில பழைய வகைகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளும். வெடித்த பின் ஒரு கணம் எதுவுமே கேட்காது. காயம்பட்ட பன்றி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்க வேண்டிய கணம் அதுதான். சத்தத்தை வெட்டாமல் அமுக்கித் தரும் வகையே வேட்டைக்கு ஏற்றது. இரண்டு காதுக்கும் தனித்தனி மைக் இருக்க வேண்டும். ஒற்றை மைக் வைத்து இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தைக் கொடுத்தால் திசை தெரியாது. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வதும் அதே தவறுதான்.

பேட்டரியில் இரண்டு வகை. காதுகேள் கருவிக்குப் போடும் பொத்தான் பேட்டரி ஒன்று. அதன் ஒட்டுத்தாளை உரித்த உடனே, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தீர ஆரம்பிக்கும். எப்போதாவது ஒருநாள் சுடப் போகிறவருக்கு இது சள்ளை. சார்ஜ் போடும் வகைதான் நமக்கு வசதி; ஓர் இரவு முழுக்கத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். வியர்வையும் மழையும் தாங்க வேண்டும். இரண்டையும் இணைத்துக் கழுத்தில் தொங்கும் கயிறு இருந்தால் நல்லது. தேயிலைச் செடிக்குள் இருட்டில் விழுந்த பிளக்கைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தலையில் மாட்டும் எலெக்ட்ரானிக் காதுமூடி விலை குறைவு, சரியாக உட்காரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் துப்பாக்கியின் கட்டை கன்னத்தில் பதியும்போது மூடியில் இடித்து விலக்கிவிடும். விலகிய இடுக்கு போதும் வெடி நுழைய. வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும். கூடவே, காது மடலை மூடுவதால் சத்தம் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்பது குழம்பும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தால் ஒரு நல்ல வழி உண்டு. உள்ளே நுரை அடைப்பானைப் போட்டு, அதன்மேல் எலெக்ட்ரானிக் மூடியை மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வது. இரட்டைத் தடுப்பும் கிடைக்கும், பேச்சும் கேட்கும். பயிற்சிக் களத்தில் தொடர்ந்து சுடும் வனத்துறையினருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஏமாற்றும் பொருள்கள் இரண்டு. வெளிச்சத்தத்தை ரத்து செய்வதாகச் சொல்லும் பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸ் பஸ், விமான இரைச்சல் போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு ஆனது, வெடிக்கு ஈடுகொடுக்காது. காது மந்தமான பெரியவர்கள் அணியும் காதுகேள் கருவியும் பாதுகாப்பு அல்ல. அதன் முனை பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு இடம் விட்டே செய்யப்படுகிறது. அதை மாட்டிக்கொண்டு வெடிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

எலெக்ட்ரானிக் பிளக் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சில ஆயிரத்தில் தொடங்கிப் பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஆண்டுக்கு நாலு தடவை கூட நடப்பவருக்கு அது தேவையில்லை. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பானைச் சட்டைப்பையில் வைத்திருந்து, சுடுபவர் கையைத் தூக்கியதும் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் போடும் முறை தெரிய வேண்டும். சுத்தமான கையால் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலாகவும் பின்னாகவும் இழுங்கள். உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம்.

உரிமத் துப்பாக்கிக்காரரைக் கூப்பிடும் கேரள ஊராட்சிகளானாலும், ஊழியர்களை அனுப்பும் நம் வனத்துறையானாலும், இது தனியாள் செலவாக இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டாவுக்குக் கணக்கு இருக்கும்போது காதுக்கும் ஒரு வரி இருக்கலாம். கருவியைப் பொதுவில் வாங்கி வைத்தாலும் காது முனையை ஆளாளுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் காதிலுள்ளது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. பணியில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் காதுப் பரிசோதனை செய்து குறித்து வைக்க வேண்டும். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த கிராமக் கூட்டத்தில் இழப்பீட்டு மனு பற்றிப் பேசும்போது இதையும் இரண்டு நிமிடம் பேசலாம். பையில் பத்து ஜோடி நுரை அடைப்பான் எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

துப்பாக்கி பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்றி விரட்டப் பட்டாசு போடுகிறீர்கள். விற்பனைப் பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற வரம்பு உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் வெடித்தால் அந்தக் கணக்கு நிற்காது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் ‘கார்பைடு துப்பாக்கி’ சில ஊர்களில் குரங்குக்கும் பன்றிக்கும் பயன்படுகிறது. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலருக்குக் கண்ணைப் பாதித்தது இதே சாதனம்தான். காதுக்கும் அது நல்லதல்ல. அதைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் ரம்பம், கூண்டு இல்லாத டிராக்டர் இவற்றுக்கு எலெக்ட்ரானிக் எதுவும் வேண்டாம். மணிக்கணக்கில் ஓட்டும் நாளில் நுரை அடைப்பானே போதும்.

காதில் சீழ் வடிபவர்கள், சவ்வில் ஓட்டை உள்ளவர்கள் எந்த அடைப்பானையும் துளைக்குள் போடக் கூடாது. அவர்களுக்கு வெளியே மாட்டும் காதுமூடிதான். வெடிக்குப் பிறகு காது ‘ஙொய்’ என்று இரைந்து, மறுநாளும் நிற்கவில்லை என்றால், அல்லது ஒரு காது திடீரென மந்தமானால், எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள், பூண்டுச் சாறும் வேண்டாம். அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். திடீர் மந்தத்துக்கு முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ‘பக்கத்துல துப்பாக்கி வெடிச்சது’ என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் காதுப் பக்கம், எத்தனை வெடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.